என் மகன் ராயபுரத்துக்காரன் ஆன விதம்

1

நாங்கள் ராயபுரத்துக்குக் குடிவந்து நான்கு வருடம் முடிந்த அன்று, என் மகன் கெவின் ஒரு மனிதரைக் கட்டையால் அடித்தான்.

சென்னை வாழ்க்கையைப் பற்றி எழுது, எழுது என்று மலேசியாவில், கிள்ளானிலிருந்து என் தங்கை கமலா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் கேட்கிறார்கள். புடவைக் கடை, மல்லிகைப்பூ, கடற்கரை எல்லாம் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படி ஒன்றை எழுத நானும் இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

என் கணவர் அருளை உங்களில் பலருக்குத் தெரியும். போர்ட் கிள்ளானில் கிரேன் மெக்கானிக்காக வந்து, என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினைந்து வருடம் அங்கேயே இருந்தவர். அவருடைய அப்பா படுத்த படுக்கையானதும் ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. மாமா போய்விட்டார். நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். அருளுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. மாடியில் நாங்கள், கீழே அவருடைய அக்கா ஸ்டெல்லா. அண்ணி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். அவர் குரலுக்கு அந்தச் சந்தில் நாய்கூட எழுந்து வழிவிடும்.

அந்த ஞாயிறு, நான்கு வருடம் ஆனதற்காக நாசி லெமாக் செய்தேன். வாசத்துக்குப் போடும் பாண்டான் இலை கிடைக்கவில்லை. நெத்திலி மட்டும் கிள்ளானைவிட நன்றாக இருந்தது.

"இன்னாம்மா, மறுபடியும் தேங்கா சோறா?" என்றான் கெவின். அவனுக்குப் பதினாறு வயது. மஞ்சள் நிறக் கால்பந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

2

வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் அடித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். பஸ்ஸின் தகரத்தை நடத்துநர் அடிப்பார். கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்தை கிளீனர் அடிப்பார். அம்மா பிள்ளையை அடிப்பாள். பிள்ளை நாயை அடிக்கும். வந்த முதல் வாரம் தண்ணீர் லாரி முன்னால் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருத்திக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. நான் கீழே ஓடி அண்ணியிடம் சொன்னேன்.

"அயே, அதுங்க ரெண்டும் ஓரகத்திங்க. சாயங்காலம் பாரு," என்றார் அண்ணி, மீனைக் கழுவிக்கொண்டே.

சாயங்காலம் பார்த்தேன். நெற்றியில் தையலோடு ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். மற்றவள் அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். எனக்குப் புரியவே இல்லை. எங்கள் ஊரில் சண்டை என்றால் பேச்சு நின்றுபோகும், வருடக்கணக்கில். நாங்கள் ஏதோ சாந்தமான மக்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் பாராங் கத்தியோடு பையன்கள் துரத்திக்கொண்டதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே கதவைச் சாத்திக்கொள்வோம். இங்கே கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள்.

அடுத்த கஷ்டம் மொழி. தமிழ்நாட்டுக்குத் தமிழ் பேசத்தானே போகிறோம், என்ன பயம் என்று வந்தவள் நான். விசா நீட்டிக்கப் போனால் கவுன்டரில் இருந்த பெண் என் மலேசியப் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தமிழ் நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். எங்கள் அம்மாவிடம் என்றேன். "அம்மா எந்த நாடு?" என்றார். வருடா வருடம் போகிறேன், வருடா வருடம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு காலை "பசியாறிட்டீங்களா?" என்றேன். எங்கள் ஊரில் அது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்ற விசாரிப்பு. அவள் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் சோறில்லாமல் பட்டினி கிடந்தாளா என்று நான் கேட்டதாக எடுத்துக்கொண்டாள். காரைக் காடி என்றேன், சாலையைச் சடக்கு என்றேன். சந்து முழுக்கச் சிரித்தது. முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "சீனி ஒரு கிலோ" என்று நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க ஊர்லயும் சீனிதாம்மா. இங்கதான் சக்கரைம்பாங்க. முப்பது வருசமா இங்க கிடக்கேன், இன்னும் வெளியூர்க்காரன்தான்," என்றார்.

அவர் கடைக்குப் போவது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

3

கெவின் பட்டது வேறு.

பன்னிரண்டு வயதில் அவனை இங்கே பள்ளியில் சேர்த்தோம். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற பையன். "தெரியாது லா" என்று அவன் சொன்ன முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள், மலேசியா என்று. டேய் மலேசியா, வா மலேசியா. பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் மாதம் உதடு கிழிந்து வந்தான். அதற்கப்புறம் விலா எலும்பில் நீலம் பாரித்து வந்தான். ஒருநாள் அவன் காலணியைச் சாக்கடையில் போட்டு, அதை வாயால் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். அருள் தடுத்துவிட்டார்.

"நீ போனின்னா அவன் செத்தான். அம்மாவ இஸ்துகினு வந்துட்டான்னு இன்னும் நாலு போடுவானுங்க. டேய், இங்க பாரு. ஒருத்தன் அடிச்சா திருப்பி அடி. நிறுத்தாம அடி. அவன் கீழ வுழுறவரைக்கும் அடி. ஒரே ஒருவாட்டி. அதுக்கப்பால ஒருத்தனும் உன்கிட்ட வரமாட்டான்."

மொட்டை மாடியில் வைத்து அவனுக்குக் கைகாட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் கெவின் ஒரு பையனின் முன்பல்லை உடைத்தான். அந்தப் பையனின் அப்பா வீட்டுக்கு வந்து கத்தினார். அருள் அவரோடு பேசிச் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு மகனுக்குப் பிரியாணி வாங்கிவந்தார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அதற்கப்புறம் யாரும் அவனைத் தொடவில்லை. 'லா' போனது. இன்னா வந்தது, கீது வந்தது, வந்துகினு போய்கினு எல்லாம் வந்தது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். அதில் ஒரு தைரியம் இருக்கிறது. ஆனால் கெவின் தெருவில் என்னோடு நடக்கும்போது என்னைப் பேசவிட மாட்டான். "நீ சும்மா இரும்மா, நான் கேக்கறேன்" என்பான். ஆட்டோக்காரரிடம்கூட என் வாயைத் திறக்க விடமாட்டான்.

4

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய ஒரு வாரமாக எல்லார் போனிலும் ஒரு குரல் சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து ஒரு கும்பல் வந்திருக்கிறது, பிள்ளைகளைப் படம் எடுத்து அடையாளம் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பெண் பதறிப் பதறிப் பேசுவாள். எனக்கும் வந்தது. யார் அந்தப் பெண், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

மாலை நான்கு மணி இருக்கும். கீழே சத்தம் கேட்டது. வழக்கமான சண்டை என்றுதான் நினைத்தேன். ஆனால் வழக்கமான சண்டையில் வசவு இருக்கும், பெண்கள் குரல் இருக்கும். இதில் அடிக்கிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கடைக்கு எதிரே, மின்பெட்டியோடு சேர்த்து ஒரு ஆளை முடியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டை கிழிந்து ஒரு தோளில் தொங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்து நெஞ்சுக்கு வந்திருந்தது. ஒருவன் அறைவான், அடுத்தவன் உதைப்பான். விழுந்தால் தூக்கி நிறுத்துவார்கள். அண்ணாச்சி கடையின் ஷட்டர் அப்போதுதான் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டார்.

கூட்டத்துக்குள் மஞ்சள் சட்டை தெரிந்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. போனபோது அந்த ஆள் தரையில் கிடந்தார். கெவின் கையில் சவுக்குக் கட்டை. பந்தல் போட வைத்திருந்த கட்டை. அந்த ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கெவின் அடித்தான். அந்தக் கைகள்மேலேயே அடித்தான். விரல் எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி அடித்தான். கை விலகியதும் முகத்தில் அடித்தான்.

பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தேன். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்தான். என் வாயில் பட்டது. பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. நான் ரத்தத்தோடு கத்தினேன்.

"அடிக்காதீங்க லா! செத்துப்போயிடுவார் லா! விடுங்க லா!"

ஒரு நிமிடம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் சந்து இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஓடி வந்தவர்கள்.

"யார்ரா இது? இன்னா ஒரு மாதிரி பேசுது?" என்றான் ஒருவன்.

"இவளும் அந்த கும்பல்தான் மச்சி. பொம்பளய வுட்டுதான் புள்ளைங்கள தூக்கறானுங்களாம்."

என் தலைமுடியை யாரோ பின்னாலிருந்து சுற்றிப் பிடித்தார்கள். முதுகில் ஒரு உதை விழுந்தது. மண்டியிட்டு விழுந்தேன். அந்த ஆளின் முகத்துக்கு அருகில் என் முகம். அவருடைய இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் போலத் தெரியவில்லை.

"டேய்! டேய், வுடுடா! அது எங்கம்மாடா!"

கெவினின் குரல். என் முடியைப் பிடித்திருந்தவனை அவன் பிடித்துத் தள்ளினான். "எங்கம்மாடா அது! மலேசியாடா! நாங்க மலேசியாடா! அப்டிதான்டா பேசும்!" என்று அழுதுகொண்டே கத்தினான். நான்கு வருடமாக ஒளித்து வைத்திருந்ததை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கத்தினான். அவன் கையில் இன்னும் அந்தக் கட்டை இருந்தது.

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தார். "இன்னாடா வேணும் உங்களுக்கு? எவன்டா என் தம்பி பொண்டாட்டி மேல கைய வச்சவன்? வாடா முன்னால!" கூட்டம் பின்வாங்கியது. பின்வாங்கியதும் கலைந்தது. அவ்வளவு சீக்கிரம் கலைந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மின்பெட்டிக்குக் கீழே ஒரு போன் மல்லாந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு பெண் கதறிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி விரிசலுக்குப் பின்னால் ஒரு முகம், மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை. எனக்குத் தெரியாத மொழி. நடந்தது பிறகு தெரிந்தது. அவர் காசிமேட்டில் மீன் வாங்க வந்தவர். எங்கள் சந்து முனையில் நின்று மனைவியோடு வீடியோவில் பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தை தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்ததைத் தன் மகளுக்குக் காட்ட, போனைத் திருப்பியிருக்கிறார். பிள்ளையைப் படம் எடுக்கிறான் என்று ஒருவன் கத்தியிருக்கிறான். அவ்வளவுதான்.

போன் விழுந்த பிறகும் அணையவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். என் வாயிலிருந்து ரத்தம் திரையில் சொட்டியது.

அண்ணி ஆட்டோவை நிறுத்தினார். "தூக்கு அவன. செத்துட்டான்னா நம்ம புள்ளைக்குக் கொலக் கேசு. ஏறு விமலா!" என்றார். அந்த ஆளின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அண்ணி ஜெபமாலை சொன்னார். நடுவில் நடுவில் ஆட்டோக்காரரைத் திட்டினார்.

5

மறுநாள் காலை அருள் ஷிப்ட் முடிந்து வந்தார். விஷயம் அவருக்குப் போனிலேயே தெரிந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெல்ட்டை உருவிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

கெவின் தடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். முதுகில், தோளில், காதில் அடி விழுந்தது. பக்கிள் பட்டுக் காது மடல் கிழிந்தது. நான் நடுவில் விழுந்தேன், எனக்கும் இரண்டு விழுந்தது.

"கொலகாரப் பயலே! எவன்டா உனக்கு இத்த கத்துக்கொடுத்தது?"

"நீதான் நைனா!" என்றான் கெவின். முதல் தடவையாக அப்போதுதான் வாயைத் திறந்தான். "கீழ வுழுறவரைக்கும் அடின்னு நீதான சொன்ன? அவன் வுழுந்தான். எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. எனக்கு நிறுத்தத் தெரில நைனா."

அருளின் கை அப்படியே நின்றது. பெல்ட்டைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதை உள்ளேயிருந்து பார்த்தேன். ஆனால் அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டார், முகம் கழுவி, வேறு ஆளாக.

அந்த மஞ்சள் சட்டையை வெட்டித் துண்டாக்கிக் கடலில் போட்டார். அண்ணாச்சியிடம் போய்க் கடை கேமராவைப் பற்றிக் கேட்டார். "கேமரா ஓடி மூணு மாசமாச்சு அருளு. நான் ஒண்ணையும் பாக்கல. நமக்கு எதுக்கு?" என்றாராம். உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ போனில் எடுத்த வீடியோ போலீசிடம் போயிருந்தது. அதில் முகம் தெரிந்த மூன்று இளைஞர்களைப் பிடித்துப் புழல் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். கெவினின் முதுகுதான் அதில் விழுந்திருந்தது.

"பாஸ்போர்ட் கீது. பையன் மலேசியாக்காரன். கமலா வூட்டுக்கு அனுப்பிட்டா எவன் போய்த் தேடப்போறான்? வெள்ளிக்கிழம டிக்கெட் போட்டுட்டேன்," என்றார் அருள்.

கமலாவும் போனில் அழுதாள். "அனுப்பி வை அக்கா. நீயும் வந்துடு. அந்த ஊரே வேணாம்."

நானும் சரி என்றுதான் சொன்னேன். என் பிள்ளையை எந்தத் தாய் பிடித்துக் கொடுப்பாள்? கிள்ளானில் அவனைப் பழைய பள்ளியில் சேர்க்கலாம், பழைய கெவின் திரும்பி வந்துவிடுவான் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

6

அந்த மனிதரின் பெயர் கார்த்திக். ஒடிசாக்காரர். எண்ணூர் தாண்டி ஒரு கம்பெனியில் கப்பல் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். திங்கள் முதல் புதன்வரை மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால், போகாமல் இருக்க முடியவில்லை. மண்டை ஓட்டில் விரிசல், விலா எலும்பு நான்கு, கை விரல்கள். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் மனைவி மமதா வந்தாள், குழந்தையோடு, முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே. கூடவே கார்த்திக்கோடு வேலை செய்யும் தீபக் என்ற பையன். ஆறு வருடமாக எண்ணூரில் இருப்பவன். எங்கள் சந்துக்காரன் போலவே பேசினான்.

மமதா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். போனில் வந்த முகம். உதடு வீங்கிப் பல் போன முகம். ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சொல்றான்னா அக்கா," என்றான் தீபக், "நீ இல்லன்னா அவ புருசன் செத்துட்டிருப்பானாம். உன்ன சாமி மாதிரி நெனச்சிகினு கீறா."

பிறகு அவள் குரல் மாறியது. கையால் உயரம் காட்டினாள். தன் முந்தானையின் மஞ்சள் கரையைத் தொட்டுக் காட்டினாள்.

"மஞ்ச சட்ட போட்ட ஒரு பையனாம். மீசகூட சரியா மொளைக்கல. அவன்தான் கடைசில அடிச்சானாம். கண்ணுல அடிச்சது அவன்தானாம். போலீசு காட்டுன போட்டோல அவன் இல்லியாம். எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிடுவேன்னு சொல்றா."

அவள் இன்னும் என் கையை விடவில்லை. அவளுடைய உள்ளங்கை சூடாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அருள் கத்தினார். டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். "உனக்குப் பைத்தியமா? பெத்த புள்ளையக் கொண்டுபோய் உள்ள தள்ளுவியா?" அண்ணி நிலைப்படியில் நின்றார். நான் கெவினைத்தான் பார்த்தேன். நடந்ததை அவனிடம் சொன்னேன். அவள் கையைப் பிடித்ததை, சாமி என்று சொன்னதை, எல்லாம்.

அவன் கட்டிலில் கிடந்த சட்டைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். பிறகு, "அந்த ஆளு கும்பிட்டாரும்மா. அத்த பாத்துட்டுதான் நான் அடிச்சேன்," என்றான். "அங்க போனா மட்டும் எனக்கு அது போய்டுமா?"

வெள்ளிக்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மமதா குழந்தைக்குப் பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பின்னால் பார்த்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன்.

எழுந்து வந்து அவனை அறைந்தாள். இன்னொரு கன்னத்தில் அறைந்தாள். செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தாள். பெல்ட் கிழித்த காதில் பட்டு மறுபடி ரத்தம் வந்தது. கெவின் கைகளைக் கீழேயே வைத்திருந்தான். நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். குழந்தை வீறிட்டது. தீபக் அவளை இடுப்பில் பிடித்து இழுத்தான். "யாரு இவன்? உன்கூட எப்டி வந்தான்னு கேக்கறா அக்கா," என்றான்.

"என் மகன்," என்றேன்.

தீபக் அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவள் என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று நின்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அருள் அங்கே எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னோடு பேசவில்லை. மகனின் தோளில் மட்டும் கை வைத்தார்.

7

கெவினைச் சிறுவர் இல்லத்தில் வைத்தார்கள். சில வாரம் கழித்து ஜாமீனில் விட்டார்கள். பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை அவன் நாட்டைவிட்டுப் போக முடியாது. என் விசாவும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தெருவில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை. எங்கள் பிள்ளையே போய்ச் சரணடைந்ததால் மற்றவர்களின் கேஸ் இறுகிவிட்டது என்று கோபம். ஒருநாள் எங்கள் ஜன்னலைக் கல்லால் உடைத்தார்கள். புழலில் இருக்கும் ஒரு பையனின் அம்மா என்னைத் தண்ணீர் லாரி முன்னால் பிடித்துத் தள்ளினாள். அண்ணிக்கும் என்மேல் ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளோடு மல்லுக்கு நின்றது அண்ணிதான். அண்ணாச்சி கடைக்கு நான் போவதில்லை. கமலா இன்னும் வந்துவிடு என்கிறாள். வருவதாக இல்லை என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். என் பிள்ளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே நானும் இருப்பேன்.

போன வாரம் வழக்கில் சாட்சி சொல்ல கார்த்திக் ஒடிசாவிலிருந்து வந்திருந்தார். தீபக் கூட வந்தான். நீதிமன்றத்துக்கு வெளியே நடையில் ஒரே ஒரு பெஞ்சுதான். அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சற்றுத் தள்ளி, அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றோம்.

கெவினைப் பார்த்ததும் கார்த்திக் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். முன்னால் திரும்பினார். மறுபடி கழுத்தைத் திருப்பினார். பிறகு எழுந்து, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய், எங்களை நோக்கிப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவருக்கு இடது பக்கம் எதுவும் தெரியாது. என் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. மடக்க முடியாத விரல்களை மடியில் வைத்திருந்தார்.

கெவினுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. என் பக்கத்திலிருந்து நகர்ந்தான். நடையின் மறுகோடியில், கார்த்திக்கின் நல்ல கண்ணுக்கு நேர் எதிரே இருந்த ஜன்னலுக்குப் போனான். கம்பியை இரண்டு கையாலும் அவருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றான். வெயில் நேராக அடித்தது. பெயர் கூப்பிட ரொம்ப நேரமானது. அதுவரை அந்தக் கைகளை அவன் கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை.